மூச்சின் அளவும் பாட்டின் அளவும்: மலைநாட்டுத் தோட்டப் பாடல்கள் பற்றிய ஓர் ஆய்வு

மூச்சை ஒழுங்குபடுத்தி மனத்தை ஆற்றும் நெறி தமிழர்க்குப் புதியதன்று. திருமூலர் தம் திருமந்திரத்தின் மூன்றாந் தந்திரத்தில் அட்டாங்க யோகத்தை விரிக்குமிடத்துப் பிராணாயாமத்துக்கெனத் தனியே ஒரு பகுதியை வகுத்தார். உள்ளிழுக்கும் பூரகத்துக்கு 16, உள்ளே நிறுத்தும் கும்பகத்துக்கு 64, வெளிவிடும் இரேசகத்துக்கு 32 என மாத்திரைக் கணக்கும் கூறிப் போந்தார். அந்நெறி இக்காலத்தில் சமயக் கோலத்தைப் பெரும்பாலும் களைந்து, அன்றாட வாழ்வின் நெருக்கடியால் வரும் மனவிறுக்கத்துக்கு மருந்தாக உலகெங்கும் எடுத்துரைக்கப்படுகின்றது. அமைதியான ஓரிடத்தில் அமர்தல், மூச்சு உள்ளே செல்வதையும் வெளியே வருவதையும் கவனித்தல், வெளிமூச்சை மெல்ல நீட்டுதல் என்பன அதன் உறுப்புக்கள். இலங்கையின் மத்திய மலைநாட்டிலும் இதனை நாடுவோர்க்கு இடமில்லாமற் போகவில்லை. இறம்பொடையில் சின்மயா மிசன் எழுப்பிய அனுமன் கோயிலும், நுவரெலியாவில் முருகேசு சுவாமிகள் நிறுவிய காயத்திரி பீடமும் வழிபாட்டோடு மன அமைதியையும் தேடுவோர் செல்லும் இடங்களாக விளங்குகின்றன.

ஆயினும் அவ்விடங்களைச் சூழ்ந்துள்ள தேயிலை மலைகளை நோக்குவார்க்கு ஒரு வினா எழாமற் போகாது. கொழுந்து பறிக்கும் பெண் எங்கே அமர்வாள்? எப்பொழுது அமர்வாள்? இவ்வறிவுரை வந்தெய்தும் வரை, தன் மூச்சை நீட்டி இளைப்பாறுதற்கு அவளுக்கு வழியொன்றும் இருந்ததில்லையா? இது மருத்துவர் மட்டும் ஆராயும் வினாவன்று. விடையின் பெரும்பகுதி தோட்டத்து மக்களின் பாடல்களிலே கிடத்தலின், இலக்கியத் திறனாய்வும் இதிலே தலையிட வேண்டியதாகின்றது.

முதற்கண் அம்மலைகளில் மூச்சு எவ்வாறு செலவாகின்றது என்பதை அறிதல் வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்துக்கு 1,868 மீற்றர் உயரத்தில் உளது. கடற்கரையில் உள்ளதினும் காற்றின் அழுத்தம் அங்கே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆங்கே முதுகிற் கூடை தொங்க, இடையிற் படங்கு சுற்றி, பனியில் நனைந்த செடிகளுக்கிடையே சரிவிலே ஏறியும் இறங்கியும் நாள் முழுதும் நிற்பவளுக்கு மூச்சு நீள்வதில்லை, அடிக்கடி வாங்கப்படுகின்றது. விடியற்காலையில் பிரட்டுக்களம், பின்னர் நிரை, நண்பகலிலும் மாலையிலும் கொழுந்து நிறுக்கும் மடுவம் என அவள் பொழுது பிறரால் அளக்கப்படுவது. குறித்த நிறை தேறாவிடின் முழுப்பேர் அரைப்பேராகும் என்னும் அச்சமும் உடன் நிற்கும். வேலை விட்டு வந்தாலோ, 10 அடிக்கு 12 அடி என்னும் அளவினவாகப் பெரும்பாலும் கட்டப்பட்ட லயத்துக் காம்பராவில் விறகுப் புகை காத்திருக்கும். இன்று தனிவீடுகள் பல எழுந்துள்ளன. லயங்கள் முற்றாக ஒழிந்தில. 'அமைதியான ஓரிடம்' என்னும் தொடர் இவ்வாழ்க்கையில் எப்பொருள் தரும் என்பதை அதனை எழுதுவோர் எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

இனிப் பாட்டுக்கு வருவோம். மூச்சுக்கும் செய்யுளுக்கும் உள்ள உறவைத் தமிழிலக்கணம் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்துக்களின் தோற்றத்தை உந்தியிலிருந்து எழும் காற்றினின்றே தொடங்குகின்றார். அக்காற்று நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் தொழிலால் எழுத்தாகின்றது. அவ்வெழுத்தை அளக்கும் அலகு மாத்திரை. இயல்பான கண்ணிமையும் கைந்நொடியும் அதற்கு எல்லை. திருமூலர் யோகியின் மூச்சை அளக்கும் அலகும் மாத்திரையே. புலவன் அசையை எண்ணுதற்கும் யோகி காற்றை எண்ணுதற்கும் ஒரே சொல் பயன்படுவதைத் தற்செயல் என்று தள்ளிவிடலாகாது. நெடிலும் அளபெடையும் மிகுந்த அடியைப் பாடுபவன் தான் அறியாமலே வெளிமூச்சை நீட்டுகின்றான். அடி முடிந்த பின்னரன்றி அவன் மீண்டும் மூச்சை வாங்குவதில்லை. ஆகவே ஓரடியின் நீளம் ஒருவகையில் ஒரு மூச்சின் நீளமாகின்றது.

இவ்வளவுகோலைக் கையிற் கொண்டு சி. வி. வேலுப்பிள்ளையின் இருவேறு பணிகளை ஒப்புநோக்கலாம். புண்டுலோயாவைச் சார்ந்த மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914ஆம் ஆண்டு பிறந்த அவர், 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியினின்றும் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானவர். அடுத்த ஆண்டிலே வந்த குடியுரிமைச் சட்டம் அவரைத் தெரிவுசெய்த மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அக்காயம் ஆறாத காலத்தில், 1954இல், தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய நெடும்பாட்டை அவர் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சக்தி அ. பாலையா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' என்னும் பெயரால் தமிழாக்கி 1969இல் வெளிக்கொணர்ந்தார். வேலுப்பிள்ளை நெடுங்காலம் திரட்டிய நாட்டார் பாடல்கள் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என 1983இல் நூலாயின. அவர் மறைந்தது 1984இல்.

ஆங்கில நெடும்பாட்டு பறையொலியோடும் விடியலோடும் தொடங்குகின்றது. அடிகள் குறியன, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மலையேறுவன போல்வன. படிப்பவர்க்கு மூச்சு நீள இடமில்லை. இதனைக் குறையென்று கொள்வதற்கில்லை. பிரட்டுக்கு ஓடுபவரின் மூச்சை அடியிலே கொணர்ந்தமை அக்கவிஞரின் வெற்றியே. ஆனால் அவரே திரட்டிய மக்கள் பாடல்களோ வேறு வகையின. அவற்றுள் அடி நீள்கின்றது. முடிவிலே ஏக்கமாகவோ விளியாகவோ ஒரு நெடிலோசை நின்று தேய்கின்றது. படித்த கவிஞர் மக்களின் களைப்பைப் பாடினார். மக்கள் தம் களைப்பைப் போக்கிக்கொள்ளப் பாடினர். இவ்வேறுபாட்டைப் பொருளிலன்றி மூச்சிலே காணவேண்டும்.

இவ்விடத்தில் ஒரு பிழையான கருத்தையும் நீக்குதல் தகும். தோட்டப் பாடல்கள் அனைத்தையும் 'தொழிற்பாடல்' என்னும் ஒரே கூடையில் இட்டு, ஏற்றப்பாட்டோடும் ஓடப்பாட்டோடும் சேர்த்துப் பேசுவோர் உளர். துடுப்பு வலிப்பதும் உலக்கை இடிப்பதும் ஓர் அடிக்கும் மறு அடிக்கும் இடையே மூச்சுக்கு வழிவிடும் தொழில்கள். அதனாலன்றோ சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் இடிக்கும் மகளிர்க்கு வள்ளைப்பாட்டு அமைந்தது. கொழுந்து பறித்தல் அத்தகையதன்று. இரண்டு இலையும் ஒரு மொட்டும் தேர்ந்து கிள்ளும் விரல்கள் மிக விரைந்து, ஒருவர்க்கொருவர் ஒத்த தாளமின்றி இயங்குவன. கால்களோ ஏற்றத்தில் இடம் தேடுவன. இத்தொழில் மூச்சைத் தாளத்தில் ஒழுங்கு செய்வதில்லை; குலைக்கவே செய்கின்றது. நிரையில் நிற்கும்போது பாட்டு எழுவதுண்டாயினும், தோட்டத்துப் பாடல்களுள் நீண்ட மூச்சினவாகிய தாலாட்டும் ஒப்பாரியும் கூத்துப்பாட்டும் தொழிலுக்கு வெளியிலே, இரவிலும் இழவிலும் விழாவிலும் பாடப்பட்டவை. தொழில் குலைத்த மூச்சைத் திரும்பக் கட்டுவதே அவற்றின் பயன்களுள் ஒன்றெனக் கொள்வது பொருந்தும்.

தாலாட்டை எடுத்துக்கொள்க. தால் என்பது நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஓசையே அப்பெயர்க்குக் காரணமென்பர். ஆராரோ என்னும் விளியில் மூன்று எழுத்தும் நெடில். இடையிலே மூச்சைத் தடுக்கும் வல்லினம் ஒன்றும் இல்லை. பாடுபவள் விரும்பும் வரை அதனை இழுக்கலாம். குழந்தையின் கண் செருகச் செருக இன்னும் மெல்ல இழுக்கலாம். பகலெல்லாம் பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விடப்பட்ட குழந்தை இரவில்தான் தாயின் மார்புக்கு வருகின்றது. அவளது நெஞ்சின் ஏற்ற இறக்கத்தை அது தன் உடம்பால் அறிகின்றது. குழந்தையை உறங்கவைக்க வேண்டுமாயின் முதலில் தன் மூச்சு அடங்கவேண்டும் என்பதைத் தாய்மார் எவரிடமும் கற்கவில்லை. படபடப்போடு பாடினால் பிள்ளை உறங்காது என்பது அவர்கள் பட்டறிவு. ஆகவே தாலாட்டு இருவர்க்கும் மருந்து. குழந்தைக்கெனத் தொடங்கிய பாட்டு, அது உறங்கிய பின்னரும் சிறிது நேரம் தொடர்வதைக் கேட்டவர் பலர். அத்தொடர்ச்சி யாருக்காக? ஓய்வு என்று பெயரிடப்படாத ஓய்வொன்று அந்த நாலைந்து நிமிடத்தில் நிகழ்கின்றது. அமர்தற்குத் தனியிடம் தேடாமலும், வேறொரு கடமையை நிறுத்தாமலும் அது நிகழ்ந்துவிடுகின்றது. யோக நூல்கள் கூறும் மூன்று உறுப்புக்களுள் நிறுத்தலாகிய கும்பகம் மட்டும் இதில் இல்லை. பூரகம் குறுகியும் இரேசகம் நீண்டும் அமைதலின், திருமூலர் கணக்கில் வெளிவிடுதல் உள்ளிழுத்தலின் இருமடங்காக நிற்கும் அந்த ஒரு விகிதத்தோடு இது ஒத்துச்செல்கின்றது எனலாம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஒப்புமையன்று என்பதற்கு உடலியலாரும் சான்று தருகின்றனர். மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே தாழ்கின்றது. வேகசு என்னும் நரம்பின் தொழிலால் நிகழ்வது அது. வெளிமூச்சை நீட்டினால் அத்தாழ்வும் நீள்கின்றது. பிராணாயாமத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவரும் முயற்சியைச் சுவாமி குவலயானந்தர் 1924இலேயே உலோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவித் தொடங்கியிருந்தார். ஆனால் பாட்டின் ஆய்வுக்கு மிக நெருங்கியது பிந்திய ஒன்று. லூசியானோ பெர்னார்டியும் அவருடன் ஆராய்ந்தோரும் நலமுடைய 23 பேரைக்கொண்டு செய்த ஆய்வின் முடிவு 2001இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. இலத்தீன் மொழியில் மரியன்னையை வாழ்த்தும் செபத்தையும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்னும் மந்திரத்தையும் அவர்கள் ஓதச் செய்தனர். சமயத்தாலும் மொழியாலும் தொடர்பில்லாத இவ்விரண்டும் மூச்சை நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்னும் ஒரே அளவுக்கு இறக்கின. இளைப்பாறும் நிலையில் ஒருவர் மூச்சு நிமிடத்துக்குப் பன்னிரண்டுக்குக் குறையாதிருப்பது பொதுவியல்பு. அவ்வாறு மூச்சு இறங்கிய நிலையில், இரத்த அழுத்தத்தைச் சமன்செய்யும் உடலின் திறனும் மேம்பட்டது.

இதிலே தமிழாய்வார் கவனிக்கவேண்டியது, ஓதுவோர் மூச்சை எண்ணவில்லை என்பதே. சொற்றொடரின் நீளமே எண்ணும் வேலையைச் செய்தது. தேயிலைத் தோட்டங்களிலே செபமாலை சொல்லும் கத்தோலிக்கரும் உளர். மாரியம்மன் கோயிலில் நின்று பாடுவோரும் உளர். ஒரு தாலாட்டடி, அதன் விளியோடு சேர்ந்து, பத்து விநாடி ஒரே மூச்சில் நிற்குமாயின் அதுவும் அதே ஆறில் வந்து விழும். மலைநாட்டுத் தாலாட்டுக்களை இவ்வாறு அளந்து பார்த்தல் கடினமான செயலன்று.

திருமூலர் கூற்று ஒன்று தோட்டத்தோடு வைத்துப் பார்க்கத்தக்கது. மூச்சாகிய புரவியை ஏறிச் செலுத்தக் கற்றவனுக்குக் கள்ளுண்ண வேண்டுவதில்லை, அதுவே களிப்பைத் தரும், சோம்பலையும் நீக்கும் என்பது அவர் கருத்து. பறவையினும் விரைந்த குதிரை என்று மூச்சை உருவகித்த அழகினும், அதனைக் கள்ளோடு எதிர்நிறுத்திய உலகியலறிவே இங்கு வியத்தற்குரியது. மனச்சுமையை இறக்க மனிதன் நாடும் முதற்பொருள் எதுவென்று யோகியார் நன்கறிவார். தோட்டப்புறங்களில் கள்ளும் சாராயமும் ஆடவரின் மாலைப் பொழுதை உண்ட கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. எழுதப்படாதது மறுபாதி: அதே மாலையில், அதே லயத்தில், கணவன் குடித்து வரும்வரை விழித்திருந்த பெண் எதனைப் பற்றிக்கொண்டாள் என்பது. பாட்டைப் பற்றினாள் என்று சொல்வது மிகையாகலாம். ஆனால் அவளுக்கு எட்டியவற்றுள் விலையின்றிக் கிடைத்தது அது ஒன்றே.

தோட்டத்து மக்கள் யோகநெறியை அறியாதவர் என்று கருதுவோர் மாசி மாதத்தில் ஒருமுறை காமன் கூத்தைக் காண்பது நன்று. அக்கூத்தின் கரு ஒரு யோகமே. சிவன் மூச்சடக்கி யோகத்திருக்க, தேவர் ஏவலால் மன்மதன் மலர்க்கணை தொடுக்கச் செல்கின்றான், இரதி தடுக்கின்றாள், அவன் கேளான், நெற்றிக்கண்ணால் எரிகின்றான். தப்பொலிக்கப் பாட்டு விடியும்வரை நீள்கின்றது. எரிந்த கட்சி, எரியாத கட்சி என இருதிறத்தார் எதிரெதிர் நின்று இலாவணி பாடும்போது, ஒருவர் பாட மற்றவர் மூச்சுக் கொள்கின்றனர். செபத்தின் முற்பாதியை ஒருவரும் பிற்பாதியைப் பலரும் சொல்லும் முறைக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடில்லை. விடியலில் பிரட்டுக்கு அழைத்து மூச்சைப் பதறவைத்த அதே தப்பு, இக்கூத்திலே மூச்சுக்குத் தாளம் தருகின்றது. கருவி ஒன்றே, அதனை அடிக்கச் சொன்னவர் வேறு.

ஆனால் கூத்தைக் காண்போர் யாருக்காக அழுகின்றனர்? மோனத்தில் இருந்த யோகிக்காக எவரும் அழுவதில்லை. இரதி புலம்பும்போதே கூட்டம் கலங்குகின்றது. எரித்தது யோகியின் கண் என்பதை மக்கள் மறப்பதில்லை. தம் கணவனைத் திருப்பிக் கேட்கும் பெண்ணின் பக்கமே அவர்கள் நிற்கின்றனர். அசையாத அமைதி உயர்ந்ததுதான். அவ்வமைதிக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்கும் உரிமையும் உண்டு என்னும் தெளிவை இக்கூத்து தன்னுள்ளே கொண்டிருக்கின்றது. அண்மைக்கால மூச்சுப் பயிற்சி நூல்களில் இத்தெளிவைக் காண்பது அரிது.

இங்கேதான் வழக்கு முளைக்கின்றது. மூச்சுப் பயிற்சி உடலுக்கு நன்மை செய்வதை மறுப்பார் இலர். ஆனால் அதனைத் தொழிலாளர்க்குப் பரிந்துரைப்போரிடம் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது. நிறை குறைந்ததால் அரைப்பேர் பெற்றவளின் நெஞ்சு படபடப்பது நோயா, நீதியான சினமா? நோயென்று கொண்டால் மூச்சைக் கவனி என்று கூறி அனுப்பிவிடலாம். கணக்கைத் திருத்த வேண்டுவதில்லை. 1948இல் குடியுரிமை இழந்தோர்க்கும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாத்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டோர்க்கும் வந்த உறக்கமின்மையை எத்தனை மாத்திரையில் அளப்பது? இதனால் வெகுண்டு, மூச்சு, தியானம் என்னும் பேச்சு முழுவதும் மக்களை மயக்கும் அபினி என்று தள்ளுவோரும் உளர். அவர்கள் சினம் புரிந்துகொள்ளத்தக்கது, முடிவு ஏற்கத்தக்கதன்று. களைத்த உடம்பு இளைப்பாறுதல் அதன் உரிமை. போராட்டம் வெல்லும்வரை அதனைத் தள்ளிவைக்கச் சொல்லும் தகுதி எவர்க்கும் இல்லை.

மலைநாட்டுப் பாடல்கள் இவ்விரு கட்சிக்கும் விடையாக நிற்கின்றன. புதிய பயிற்சி, எண்ணம் எழுந்தால் அதனைப் பற்றாது விடுக, மூச்சுக்கே மீள்க என்று கற்பிக்கின்றது. தோட்டத்துத் தாய் அவ்வாறு விடவில்லை. அவளது தாலாட்டில் குழந்தையின் மாமன் வருகின்றான். பிறந்த ஊர் வருகின்றது. கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் துரையையும் பழிக்கும் பாடல்கள் இத்தொகுதிகளில் குறைவல்ல. ஒப்பாரியில் இஃது இன்னும் வெளிப்படை. இறந்தவரை விளிக்கும் அடியிலே மூச்சு முழுவதும் செலவாகும்வரை குரல் நீள்கின்றது. அந்நீட்சியால் அழுகை தணிகின்றது. தணிந்த அதே மூச்சில் உயிரோடிருப்போர் செய்த குற்றமும் பெயர் சொல்லி உரைக்கப்படுகின்றது. குறையை மறக்கச் செய்யாமலே உடலை ஆற்றும் இத்திறன் அப்பாடல்களுக்கே உரியது. வேலுப்பிள்ளையின் தொகுப்பைப் பாராட்டுவோர் அவற்றை வரலாற்றுச் சான்றாகவே பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். ஆள்கட்டிய கங்காணியைப் பற்றி என்ன கூறுகின்றது, காப்பிக் காலத்தைப் பற்றி என்ன கூறுகின்றது என்று தேடி எடுத்தபின் பாட்டை மூடிவிடுகின்றனர். சான்றுரைப்பவள் எத்துணை நீண்ட மூச்சில் உரைத்தாள் என்பதும் சான்றின் பகுதியன்றோ?

அதற்குத் தடையாய் இருப்பது அச்சிடும் முறை. நாட்டார் பாடல்களை நூலாக்குவோர் விளியையும் பல்லவியையும் முதற்கண்ணியில் ஒருமுறை இட்டுப் பின்னர்ப் புள்ளிகளால் சுருக்கிவிடுதல் வழக்கம். தாளும் மையும் மிஞ்சும். ஆனால் பாடியவள் மூச்சை நீட்டிய இடமே நூலிலிருந்து மறைந்துவிடுகின்றது. தாலாட்டை நினைவிற் கொண்ட மூதாட்டியர் அட்டன், டிக்கோயா, தலவாக்கலைப் பகுதிகளில் இன்னும் உளர். குரலைப் பதியும் கருவி இன்று ஒவ்வொருவர் கையிலும் உண்டு. இனித் தொகுப்போர் சொல்லை எழுதுவதோடு, விளி எத்தனை முறை வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, எந்தச் சீரின் பின் மூச்சு வாங்கப்பட்டது என்பவற்றையும் அடிதோறும் குறித்து வைப்பாராயின், திருமூலர் கணக்கோடு ஒப்பிடத்தக்க வேறொரு கணக்கும் தமிழில் எழுத்துருப் பெறும்.